காலியா வச்சு என்னலே செய்யப்போற?

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. விடிஞ்சதுலேருந்து அந்தப் போனையே சுத்தம் பண்ணுதியே, உன் தட்டை ஒருநா கழுவியிருப்பியா?

16 ஜிபி ராம் போட்டு லேப்டாப் வாங்குன. சரி. அதுல 14 நெறஞ்சு கெடக்குன்னு ராத்திரி தூக்கமில்ல. துட்டு குடுத்து வாங்குனது சும்மா கெடக்கவாலே?

ஒங்க ஆச்சி அஞ்சறைப் பெட்டியப் பாரு. கடுகும் சீரகமும் நெறச்சு கையெட்டுற எடத்துல வச்சிருப்பா. மிச்சம் பரண்ல. பெட்டி காலியா இருந்தாத்தான் லட்சணம்னு தெனம் கவுத்துக் கொட்டுனா, ஒவ்வொரு தாளிப்புக்கும் ஏணில்லா போடணும்? உன் லேப்டாப்ல ஓடுற லினக்ஸும் அவளாட்டம்தான். ஒருக்கா படிச்ச ஃபைல திரும்பக் கேப்பான்னு ராம்லயே வச்சிருக்கும். பேரு பேஜ் கேஷ். வேற புரோகிராமுக்கு எடம் வேணுமா, அத விட்டுக் குடுத்துரும். சுத்துற ஹார்டு டிஸ்க்ல தேடி எடுக்க 10 மில்லிசெகண்டு போல ஆவும். ராம்ல 100 நானோசெகண்டு. லட்சம் மடங்குலே! இஞ்சினீயருக்கு நான் கணக்கு சொல்லணும் பாரு.

லினக்ஸ்ல 'ஃப்ரீ'ன்னு கமாண்டு அடிச்சுட்டு, 'ஃப்ரீ' கட்டத்தப் பாத்து நெஞ்சப் பிடிக்க. அதே வரிசையில 'அவைலபிள்'னு இருக்குல்லா? அதப் பாரு. 2014லேருந்து கெர்னலே அந்தக் கணக்கப் போட்டுக் குடுக்கு. படிக்கத்தான் ஆளில்ல.

போன்லயும் அதே கூத்து. ஆப்ப ஒண்ணொண்ணா தள்ளி மூடுவ. அடுத்த நிமிசம் அதையே தொறப்ப. முதல்லேருந்து ஏத்தணும், பேட்டரிதான் தேயும். எடம் பத்தலன்னா ஆண்ட்ராய்டே பழச எறக்கிராதா?

மெஷினே பாத்துச் சமாளிக்கிறது புதுசில்லலே. 1969ல அப்போலோ 11 நிலாவுல எறங்குச்சே, அதோட கம்ப்யூட்டர்ல எழுதி அழிக்கிற மெமரி சுமாரா 4 கேபி. உன் ஒத்த செல்ஃபிக்குக் காணாது. எறங்குற நேரத்துல வேலை கூடிப்போய் 1202ன்னு அலாரம் அடிச்சுது. மெஷின் என்ன செஞ்சுது? அவசரமில்லாதத உதறிட்டு, எறங்குற சோலியப் பாத்துது.

மெய்யாவே பஞ்சம் வரும், வராம இல்ல. அவைலபிள் கரைஞ்சு, ராம்ல உள்ளத ஸ்வாப்னு டிஸ்க்ல ஒதுக்குன எடத்துல எறக்குறதும் ஏத்துறதுமா டிஸ்க் கெடந்து திணறும், மவுஸ் நகராது. அப்ப, பிரவுசர்ல தொறந்து போட்டிருக்கியே அறுவது டேப், அதுல நாப்பதையாவது மூடு. என்னிக்காவது படிக்கவா போற?