அடித்தளம் பலமாக இருக்கிறது

ஜீப்பில் ஊர் சுற்றுகிறவர்கள் பின்பக்கம் பிளைவுட்டால் ஒரு பொய்த்தளம் போட்டு, அடியில் கூடாரமும் அடுப்பும் வைப்பார்கள். குமரி மாவட்டத்தில் அதே தச்சுவேலையின் அடியில் ரேஷன் அரிசி கேரளத்துக்குப் பயணம் போகும். பின்சீட்டைக் கழற்றி, மூட்டைகளைப் படுக்கவைத்து, மேலே பலகை, அதன்மேல் கார்ப்பெட், அதற்கும்மேல் கல்யாணத்துக்குப் போகிற பாவனையில் ஒரு சூட்கேஸ். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாரத்தைப் பலகை மறைக்குமா? பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கு தென்னங்குலையைப் பார்த்தபடி வரும் வண்டியைக் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் நிறுத்தப் பெரிய துப்பறிவு வேண்டாம்.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த நாஞ்சில் நாடு இந்தக் குமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று நெல்வண்டி மாட்டுமணி குலுங்கப் பகலிலேயே போயிற்று. 1956 நவம்பர் 1-ல் நடுவே மாநில எல்லை வந்தது. 2011 ஜூனில் தமிழ்நாட்டுப் பக்கம் ரேஷன் அரிசி இலவசமானது. வயல்களில் பாதி பிளாட்டாகிப் போனாலும், அரிசி மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. அக்கரை ஆலையில் தீட்டிப் பை மாற்றினால் அதற்குத் தனி மரியாதை.

“உள்ளே என்னவே?”

“வீட்டுச் செலவுக்கு அரிசி, சாரே.”

“இவ்வளவா?”

“கூட்டுக் குடும்பமாக்கும்.”