பால்காரர் நிரபராதி!

கேள்வி: இஞ்சி டீ போட்டாலே பால் திரிந்துவிடுகிறது. 'டீகூடப் போடத் தெரியலை' என்கிறார் வீட்டுக்காரர். நான் பால்காரரைத் திட்டித் தீர்க்கிறேன். தப்பு யார் மேல்?

– பெயர் சொல்ல விரும்பாத வாசகி, சுந்தரபாண்டியம்.

பதில்: பால்காரரை விட்டுவிடுங்கள், பாவம்! உங்களுக்குப் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தச் சீமைப் பாலைப் பழித்தால் ஆண்டாளே கோபித்துக்கொள்வாள்.

குற்றவாளி, பச்சை இஞ்சியில் ஒளிந்திருக்கும் ஜிஞ்சிபெயின் என்ற நொதி. பால் புரதத்தை வெட்டிப் போடுவதுதான் அதற்குப் பிழைப்பு. சீனாவின் குவாங்டாங் பக்கம் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, உறையவைத்து, இனிப்பு என்று ஸ்பூன் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அடுத்த தடவை திரிந்தால், வீட்டுக்காரரிடம் 'சீனப் பலகாரம்' என்று நீட்டிப் பாருங்கள். டீயைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்.

டீதான் வேண்டுமா? இஞ்சியைத் தோல் சீவி, நசுக்கி, முதலில் வெறும் தண்ணீரில் போடுங்கள். நாலைந்து நிமிடம் தளதளவென்று கொதித்து, வாசனை கூடத்துக்கு வரட்டும். அந்தக் கொதியில் நொதி அடங்கிவிடும். பிறகு டீத்தூள், சீனி. காய்ச்சிய பால் கடைசியில்தான். கொதிக்கும் பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முந்தாநாள் பாலாக இருந்தால் இஞ்சிக்குக்கூட வேலை இல்லை, அதுவே திரிந்துகொள்ளும்.

இஞ்சி நசுக்கும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். நாளைக் காலை பால்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிடுங்கள்.