காடி கருகிய கதை

சுங்கை சிப்புட், பேராக்,
10-12-1957

மகாராஜராஜஸ்ரீ அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்குத் தம்பி அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் வீட்டாரும் குழந்தைகளும் க்ஷேமம். எங்கள் மோட்டார் வண்டி மாத்திரம் சில வாரங்களாக க்ஷேமமின்றிக் கிடந்து, தங்கள் புண்ணியத்தில் பிழைத்தெழுந்தது. தங்கள் புண்ணியம் என்று நான் எழுதுவது உபசாரத்துக்காக அன்று. அந்த விவரத்தைச் சொல்லவே இக்கடிதம்.

இந்நாட்டுத் தமிழர்கள் மோட்டாரைக் 'காடி' என்கிறார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் என்னைக் குறித்து, 'கிராணியார் காடி வாங்கிவிட்டார்' என்ற சமாசாரம் தோட்டமெங்கும் பரவியபோது, ரஜூலாக் கப்பலில் அப்போதுதான் வந்திறங்கியிருந்த நம் அத்தை, மாதச் சம்பளம் வாங்குகிறவன் புளித்த கஞ்சியை விலைகொடுத்து வாங்குவானேன் என்று இரண்டு நாள் விசனப்பட்டாள். வாங்கியது பல கை மாறிய பழைய இங்கிலீஷ் வண்டி என்று தெரிந்தபின் அந்த விசனம் வளர்ந்ததே தவிரத் தேயவில்லை.

சென்ற மாதம் அடைமழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் குடும்ப சகிதமாய் ஈப்போவுக்குப் புறப்பட்டுத் தோட்டத்து வாசலைத் தாண்டும் சமயத்தில், ரப்பர் கருகும் நாற்றம் ஒன்று எழுந்தது. ரப்பர் தோட்டத்தில் குடியிருப்பவன் ரப்பர் வாடைக்கு அஞ்சுவது, குறுக்குத்துறையில் குடியிருப்பவன் தண்ணீரைக் கண்டு திடுக்கிடுவது போலத்தானே என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பால்மரத்தை வெட்டி எடுத்த பாலில் பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, அந்தத் தகடுகளைப் புகைக்கூடத்தில் நாட்கணக்காகத் தொங்கவிட்டு விறகுப் புகை மூட்டுவது இங்கே நித்திய கருமம். போதாதற்குக் கோப்பைகளில் உறைந்துபோன ஒட்டுப்பாலைக் குவித்துவைத்திருக்கும் கொட்டகையின் சுகந்தமும் உண்டு. ஆகவே பழியைப் புகைக்கூடத்தின்மேல் போட்டுவிட்டு வண்டியை ஓட்டினேன். ஈப்போக் கடைத்தெருவிலும் அதே வாடை எங்களைத் தொடர்ந்து வந்து, காப்பிக்கடை வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வண்டியைக் கண்ணால் வழியனுப்பியபோதுதான், புகைக்கூடம் நிரபராதி என்பது விளங்கிற்று.

அத்தை பின்னாசனத்திலிருந்து தீர்ப்புச் சொன்னாள்: "ஏல, இது பால் வாடை இல்லல, தீவாளி வாடைல்லா அடிக்கி!"

அண்ணாச்சி, அந்த ஒரு வார்த்தையில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருந்தது. மரத்துப் பாலில் உறைந்த ரப்பரைத் தனியே விட்டால் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் உறுதிப்படும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் 1839-ல் கண்டுபிடித்த பின்னரே டயரும் குழாயும் வாரும் செய்ய அது யோக்கியமாயிற்று. ஆகையால் கருகும்போது வெடிவாசம் கலந்து அடித்தால், எரிவது தோட்டத்து ரப்பர் அன்று, வண்டியின் ரப்பர். 1877-ல் இங்கிருந்து கூப்பிடு தூரத்துக் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டுவைத்தார்கள். அவற்றின் வழியில் வந்த மரங்களின் நடுவே பத்து வருஷம் கணக்கெழுதிய எனக்குத் தெரியாதது, பட்டாசு வெடிக்கும் தெருவில் வளர்ந்த அத்தைக்குத் தெரிந்துவிட்டது!

அதற்குப்பின் தோட்டத்தில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. கைப்பிரேக்கை இறக்காமல் ஓட்டியிருப்பீர்கள் என்றார் கங்காணி. நான்கு சக்கரத்தருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றும் அதிகமாகச் சுடவில்லை. புகைக்குழாயில் கந்தல் ஏதேனும் ஒட்டியிருக்கும் என்றார் பள்ளிக்கூட வாத்தியார். மல்லாந்து படுத்துப் பார்த்ததில் என் சட்டை கந்தலானது மெய். பிறகு கவனித்தால், இஞ்சினை முடுக்கியவுடன் முன்பக்கத்தில் ஒரு கீச்சொலி. ஓடும்போது எரியக்கூடாத சிவப்பு விளக்கு மினுக்குகிறது. காற்றாடியையும் தண்ணீர்ப் பம்பையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றுகிற பெல்ட் வழுக்குகிறது என்று தெளிந்து, பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். புதுப் பெல்ட் மாட்டி, வெள்ளியை எண்ணி வாங்கிக்கொண்டு, இனிப் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று அனுப்பினார்கள். நான்காம் நாள் புதுப் பெல்ட்டும் கருகிற்று. புதிது அல்லவா, வாடையும் சற்றுப் புஷ்டியாகவே இருந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் அம்பாசமுத்திரத்து அரவை மில் ஞாபகத்துக்கு வந்தது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் வாசல்வரை அடுக்கிக் கிடக்க, ஆயில் இஞ்சினின் நீண்ட வார் புகையத் தொடங்கியதும், பிட்டர் குங்கிலியத் தூளைத் தூவிச் சமாளிக்க முயல, தாங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "வாரைக் குத்தஞ் சொல்லாத, கழத்திப் போட்டுட்டுச் சக்கரத்தைக் கையால சுத்திப் பாருல" என்று அதட்டியது காதில் கேட்டது.

விடிந்ததும் பெல்ட்டைக் கழற்றினேன். காற்றாடி சுகமாகச் சுற்றியது. டைனமோவின் சக்கரமோ பிடிவாதக்கார மாப்பிள்ளைபோல் முரண்டு பிடித்து, நறநறவென்று பல்லைக் கடித்தது. அதன் வால்பக்கத்தில் எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு சிறு துளை உண்டு. முந்தின எஜமானர்களும் நானும் அதைக் கண்ணெடுத்தும் பார்த்ததில்லை. உள்ளிருந்த புஷ் வறண்டு தேய்ந்து தண்டைக் கவ்விக்கொள்ள, இஞ்சின் விடாமல் இழுக்க, இடையில் அகப்பட்ட பெல்ட்தான் கருகியிருக்கிறது. புஷ்ஷை மாற்றி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குமளவுக்கு இழுத்துப் பூட்டியபின், இந்த மூன்று வாரமாக வாடையுமில்லை, கீச்சொலியுமில்லை. அத்தை ஞாயிறுதோறும் எண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து நின்று, இரண்டு சொட்டு விட்டாயிற்றா என்று விசாரித்த பிறகே வண்டியில் ஏறுகிறாள்.

தாமிரவருணியில் இவ்வருஷம் வெள்ளம் எப்படி, மணிமுத்தாற்று அணை வேலை எவ்வளவில் இருக்கிறது என்று எழுதவும். அடுத்த கப்பலில் வருகிறவர் எவரிடமாவது மதினி கையால் கட்டிய கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டுக் கொடுத்தனுப்பவும். அல்வா வேண்டாம், சென்ற தடவை அதன் நெய் முழுவதும் கொண்டுவந்தவருடைய வேஷ்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள தம்பி