அடுக்குமாடியும் அம்பாசடரும்

கேள்வி: தஞ்சாவூர்க் கடைத்தெருவில் காரை நிறுத்தவே இடமில்லை. இருக்கிற காலி இடத்திலும் அடுக்குமாடி கட்டினால் என்ன செய்வது?

பதில்: இந்த ஊரில் உயரமாகக் கட்ட நினைப்பவர் முதலில் ராஜராஜனை நிமிர்ந்து பார்க்க வேண்டும். 1010-இல் முடிந்த அவரது பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. லிஃப்ட் கிடையாது. யானைகளுக்கு பார்க்கிங் டோக்கன் கொடுத்தார்களா என்பதைக் கல்வெட்டு ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும்! பெரிய கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 2010-இல் வந்த சட்டத்திருத்தம் அது.

அதற்கு வெளியே, நாள் முழுக்கக் கார்கள் வெயில் காயும் பொட்டலில் நாலு மாடி எழுந்தால் எனக்கு வருத்தமில்லை. சம்பா விளைந்த வயலில் கல் நட்டு, வாய்க்காலைத் தூர்த்து, ‘நகர்’ என்று பெயர்ப்பலகை வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். காருக்கு? சென்னை தி.நகரில் காருக்கே அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். இங்கேயும் கீழ்த்தளத்தை வண்டிகளுக்கு விடட்டும்.

அதுவரை தீபாவளி ஜவுளிக்கு டவுன் பஸ்ஸில் வாருங்கள். பழைய பேருந்து நிலையத்திலிருந்து கீழராஜவீதி நடக்கிற தூரம்தான்.