மருமவனே, மொதல்ல உன் பாட்டை வெறு

கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லுக்குக் கெளம்பிட்டியாமே மருமவனே! ராத்திரி பாட்டு எழுதி, காலையில படிச்சு, சாயங்காலம் ரேடியோவுல ஊரையே அழ வெச்சிரப் போறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாம். பெருமையில அவளுக்குக் கால் தரையில பாவல. போ, நல்லாப் போ. கிட்டார் பெட்டியில கொஞ்சம் எடம் இருந்தா இந்த மாமன் சொல்றதையும் போட்டுக்கிட்டுப் போ.

கன்ட்ரி பாட்டுல இதுக்கு மேல ஒண்ணு கெடையாதுன்னு பலபேர் அடிச்சுச் சொல்ற பாட்டு ஒண்ணு இருக்கு. ஜார்ஜ் ஜோன்ஸ் படிச்சு 1980-ல வெளிவந்த 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே'. அதுக்கு அவங்க செஞ்சதை எல்லாம் அப்படியே செஞ்சிரு, உன் பாட்டும் ஓடிரும்.

எழுதினவங்க பாபி பிராடக், கர்லி புட்மன்னு ரெண்டு பேர். விட்டுட்டுப் போனவளை உசுரு இருக்குற வரைக்கும் நெனைச்சுக்கிட்டே இருந்தவன், ஒருநாள் நெனைக்கிறதை நிறுத்துறான். ஏன்னா அன்னிக்கு அவன் செத்துட்டான். கதை அவ்வளவுதான். தயாரிப்பாளர் பில்லி ஷெரில் படிச்சுப் பாத்துட்டு, ஆளை ரொம்பச் சீக்கிரம் கொன்னுட்டீங்க, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொல்லுங்க, எழவு வீட்டுக்கு அந்தப் பொம்பளையையும் வர வைங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. சாகடிக்கிறதுக்கும் நேரம் காலம் இருக்கு பாத்தியா! திருத்தித் திருத்தி, அந்தத் தாளுங்க மட்டும் ஒரு அங்குலத் தடிமனுக்கு ஷெரில்கிட்ட சேந்து போச்சுன்னு ஜோன்ஸே தன் கதையில எழுதியிருக்காரு. கடைசியில அவ எழவுக்கு வந்து நிக்கிற எடம் இருக்கே, அதுலதான் மொத்தப் பாட்டும் நிக்குது. அதை எழுதினவங்களா யோசிக்கல, கேட்டவன் கேட்டு வாங்கினது. உன் பாட்டுல ஒரு வார்த்தையை மாத்துடான்னு உங்கம்மா சொன்னதுக்கு நீ சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டவன். அதனால நாஷ்வில் உன்னை மெச்சிக்கும், கவலைப்படாதே.

அடுத்தது, படிக்கிறவனுக்கு அந்தப் பாட்டு கொஞ்சம்கூடப் பிடிக்கக் கூடாது. ஜோன்ஸுக்கு அது அறவே பிடிக்கல. ரொம்ப நீளம், ஒரே சாவுச் சோகம், எவன் காசு குடுத்து வாங்குவான்னு கேட்டாரு. மொதல் எடத்துக்கு வராதுன்னு ஷெரில்கிட்ட நூறு டாலர் பந்தயமும் கட்டினாராம். நீ என்னடான்னா, உன் பாட்டை நீயே போனுல போட்டுக் கேட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிறே. உருப்படுமா?

அது மட்டுமா, மெட்டையும் தப்பாப் படிக்கணும். கிரிஸ் கிரிஸ்டாஃபர்சனோட 'ஹெல்ப் மி மேக் இட் த்ரூ த நைட்' இருக்குல்ல, ஜோன்ஸ் வாயைத் தொறந்தா அந்த மெட்டுலயே போய் விழுவாரு. அது வேற பாட்டுய்யான்னு ஷெரில் தலையில அடிச்சுக்கிட்டா, அந்த மெட்டுதான் இதைவிட நல்லாருக்குன்னு இவரு பதில் சொல்லுவாரு. என்னத்தைச் சொல்ல!

இனிமே சொல்றதை உங்கம்மா காதுல போட்டுறாதே. பாட்டு நடுவுல நாலு வரி வரும். படிக்க வேண்டாம், சும்மா பேசினாப் போதும். அந்த நாலு வரியைப் பதிவு பண்ண ஒன்றரை வருசம் ஆச்சுன்னு ஷெரில் சொல்லியிருக்காரு. காரணம் சாராயம். எவ்வளவு குடிச்சாலும் ஜோன்ஸுக்குப் பாட்டுக் கொளறாது, பேச்சுதான் கொளறும். நெதானமா இருக்குற நேரம் பாத்து மைக் முன்னால நிறுத்த ஷெரிலால முடியல. பொண்டாட்டி கார்ச் சாவியை எல்லாம் ஒளிச்சு வெச்சான்னு, புல்லு வெட்டுற மெஷின்மேல ஏறி ஒக்காந்து எட்டு மைல் தள்ளியிருந்த சாராயக் கடைக்குப் போன மனுசன்யா அவரு! கச்சேரிக்கு ஒத்துக்கிட்டு வராமப் போயிப் போயி 'நோ ஷோ ஜோன்ஸ்'னே பேரு வாங்கினாரு. அந்தப் பேர்லயே பின்னால ஒரு பாட்டும் படிச்சாரு, அதுதான் கெட்டிக்காரத்தனம். இதையும் அப்படியே செய்யலாம்தான், ஆனா அதுக்கு உனக்கு ரெண்டு கல்லீரல் வேணும், அந்தத் தொண்டையும் வேணும். தொண்டை இல்லாம குடி மட்டும் இருக்குறவன் நம்ம ஊர்லயே நெறையக் கெடக்கான்.

இப்ப அந்தப் பாட்டை ஒருக்காப் போட்டுக் கேளு. ஆரம்பத்துல அவரு அழவே மாட்டாரு. பக்கத்து வீட்டு விசயத்தைச் சொல்ற மாதிரி அடங்கின குரல்ல சொல்லிக்கிட்டே போவாரு. ஸ்டீல் கிட்டார் ஓரமா இழையும். பெறகு வயலினுங்க படி ஏர்ற மாதிரி மேல மேல ஏறும்போதுதான் குரலை அவுத்து விடுவாரு. நீ மொத வரியிலயே ஒப்பாரி வெச்சா, சாவுச் சேதி வர்ற எடத்துல என்னடா பண்ணுவே? ஷெரில் இத்தனை வயலினைக் கொண்டாந்து கொட்டுறது கன்ட்ரிக்கு ஆகாதுன்னு அப்பவே மொணங்கினவங்க உண்டு. எனக்கும் மத்தப் பாட்டுங்கள்ல அது திகட்டும். இதுல மட்டும் வாயை மூடிக்கிட்டேன்.

வெளியில வந்ததும் என்னாச்சுங்கிறே? அந்த வருசம் ஜூலையில கன்ட்ரிப் பட்டியல்ல மொதல் எடம். பல வருசத்துக்கு அப்புறம் அவரு தனியாப் படிச்சு அந்த எடத்துக்கு வந்தது அப்பதான். நடுவுல கடன் முத்தி திவாலாயிருந்தாரு. கிராமி கெடைச்சுது. கன்ட்ரி மியூசிக் அசோசியேசன் 1980-லயும் 1981-லயும், ரெண்டு வருசமும் இதையே வருசத்தோட சிறந்த பாட்டுன்னு எடுத்துச்சு. கச்சேரிக்கு அவரு வருவாரோ மாட்டாரோன்னு பயந்து ரெண்டாயிரத்து ஐந்நூறு டாலர் நீட்டினவங்க, இருபத்தஞ்சாயிரம் குடுத்து வசூல்லயும் பங்கு குடுத்தாங்கன்னு அவரே எழுதியிருக்காரு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008-க்கான பாதுகாப்புப் பட்டியல்ல இதைச் சேத்துருச்சு. எவன் வாங்குவான்னு கேட்டாரே, அரசாங்கமே வாங்கி உள்ள வெச்சுப் பூட்டிருச்சு!

சனங்க வேற, முன்னாள் பொண்டாட்டி டாமி வைனெட்டை நெனைச்சுத்தான் இவரு உருகுறாருன்னு பேசிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் 1975-லயே பிரிஞ்சவங்க. வேற ரெண்டு பேர் எழுதின வரியைக் கேட்டவங்க எல்லாரும் இவரு வீட்டுச் சங்கதின்னு நம்பினாங்க. நீ உன் சொந்தக் கதையைத்தான் எழுதியிருக்கேங்கிறே. அந்தப் புள்ளை உன்னை விட்டுட்டுப் போயி எத்தனை நாளாச்சு? போன மாசந்தானே? அதுக்குள்ள உன்னைச் சாகடிக்கிறதுக்கு அவசரம் என்ன?

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. உன் பாட்டு மொதல் எடத்துக்கு வராதுன்னு நூறு டாலர் நான் கட்டுறேன். ஜோன்ஸ் தோத்த பந்தயம்தான், இருந்தாலும் கட்டுறேன். உன் பங்குப் பணத்தை இப்பவே உங்கம்மாகிட்ட குடுத்துட்டுப் போ.