முன்பதிவுக் கவலைக்காரர்

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருக்கத்தான் செய்கிறார். இரவு ஒன்பது மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே எழும்பூர் பிளாட்பாரத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பார். ஆனாலும் ஆட்டோ தெருமுனை திரும்பும்போது ஆரம்பித்துவிடும்.

"ஏம்மா, கேஸை மூடினியா?"

"நீங்கதானே மூடினீங்க!"

"நான் மூடினதை நீ பாத்தியா?"

மகன் போனை எடுக்கவில்லையென்றால் நாமெல்லாம் மீட்டிங்கில் இருப்பான் என்று விட்டுவிடுவோம். சித்தப்பாவின் மண்டைக்குள் அதற்குள் விபத்து நடந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒருவழியாக மகன் எடுத்து "என்னப்பா?" என்றால், "ஒண்ணுமில்லடா, சும்மாத்தான்."

அவர் பார்க்காத வைத்தியமில்லை. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னார்கள். மூச்சை நிதானமாக விட்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும் என்பது உண்மைதான். இவருக்கு ஐந்திலேயே மூச்சு தீர்ந்துபோக, நுரையீரலில் கோளாறு என்று எக்ஸ்ரே எடுக்கப் போய்விட்டார். "அதையே நினைக்காதீங்க" என்பவர்கள் வேறு. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார்; கரடி வந்துகொண்டே இருந்தது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன நம்மூர் வைத்தியருக்கு இதெல்லாம் பழைய செய்தி.

கடைசியில் ஒரு டாக்டர் சொன்னதுதான் பிடித்தது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-ல் எழுதிய முறை அது: கவலை வந்தால் விரட்டாதே, தள்ளிப்போடு. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் உட்கார்ந்து மொத்தமாகக் கவலைப்படு. சித்தப்பா அசந்துபோனார். காலையில் வருகிறவரை "சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்புவது, அரசாங்க ஆபீஸில் ரிட்டயராகும்வரை அவர் பார்த்த வேலைதானே! நோட்டுப் போட்டு, வரிசை எண் கொடுத்து, மாலை ஆறு மணிக்கு மொட்டைமாடி நாற்காலியில் ஒவ்வொன்றாக எடுப்பார். பாதிக் கவலை அதற்குள் காலாவதியாகியிருக்கும்.

போன வாரம் கால்மணி நேரத்திலேயே இறங்கி வந்துவிட்டார்.

"என்னங்க, அதுக்குள்ள?" என்றார் சித்தி.

"நோட்டுல ரெண்டுதான் இருந்துச்சு. ஏதோ ஒண்ணை எழுத மறந்துட்டேன்போல. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"