கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்

மும்பைத் தாராவியில் இருந்த சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதென்றால், மோதிரத்தைக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறுவார். தாராவி என்ற பேரைக் கேட்டாலே மாட்டுங்கா மாமிகள் கைப்பையை இறுக்கிக்கொண்ட காலம் அது. அந்தத் தாராவிக்காரரே நாங்கள் இருந்த உல்லாஸ்நகர் என்றால் பயந்தார் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. “எங்க ஊருலயும் தாதா உண்டுடே. ஆனா வரதாபாய் நம்ம ஆளு, மிரட்டுனாலும் தமிழ்ல மிரட்டுவாரு. ஒங்க ஊருல சிந்தியில கேட்டா, பணத்தக் கேக்கானா, மணி கேக்கானான்னே தெரியாதே” என்பார். வரதாபாய் என்கிற வரதராஜ முதலியார் 1988-ல் சென்னையில் காலமான பிறகும் சித்தப்பா இந்த வசனத்தை மாற்றவில்லை.

அப்பாவுக்கு அம்பர்நாத் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. நாட்டைக் காப்பாற்றத் தளவாடம் செய்தவர், வீட்டைக் காப்பாற்ற வைத்திருந்தது கதவிடுக்கில் ஒரு மூங்கில் கழி. வாடகை மலிவு என்று கேம்ப் நாலில் ஒரு பாரக்கில் குடியிருந்தோம். இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்காகப் போட்ட கல்யாண் முகாம் அது. பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து வந்த சுமார் ஒரு லட்சம் பேரை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 1949 ஆகஸ்ட் 8-ல் அடிக்கல் நாட்டி உல்லாஸ்நகர் என்று பெயர் வைத்தவர், அன்றைக்கு கவர்னர் ஜெனரலாக இருந்த நம்ம ராஜாஜி. அந்த ஊரில் தமிழனுக்கு இருந்த செல்வாக்கு அவ்வளவுதான். அதைச் சொல்லி ரேஷன் கடையில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்கூட வாங்க முடிந்ததில்லை.

அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் வந்தால் அம்மாவின் பாதுகாப்பு ஏற்பாடு தொடங்கும். தொழிற்சாலையில் கொடுத்த அப்பாவின் பழைய பூட்ஸை வாசற்படியில், இப்போதுதான் ஒருவர் கழற்றிப்போட்ட மாதிரி, ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் வைப்பாள். உள்ளே ஆம்பிளை இருக்கிறான் என்று திருடன் நினைக்க வேண்டுமாம். நகை அரிசி டிரம்முக்குள். அது அரிசி டிரம்முக்குள்தான் இருக்கிறது என்று பாரக்கில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அங்கேதான் இருந்தது. கதவில் ஒரு அலிகர் பூட்டு. பூட்ஸ் திருட்டுப் போகக் கூடாதே என்று விடியுமுன் அதை உள்ளே எடுத்துவிடுவாள்.

பிறகு கச்சா பனியன் கும்பல் வந்தது. வந்தது என்றால், பேச்சு வந்தது. ஜட்டி பனியனோடு, உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள், பிடித்தால் வழுக்கிவிடுவார்கள் என்று புறநகர் முழுக்கப் பீதி. ஆண்கள் முறைவைத்து ஹாக்கி மட்டையும் விசிலுமாக ‘ஜாக்தே ரஹோ’, விழித்திருங்கள் என்று கத்திக்கொண்டு திரிந்தார்கள். தூங்கியவர்களும் அந்தச் சத்தத்தில் விழித்தே கிடந்தார்கள். எண்ணெய் தடவிய ஒருவரும் எங்களிடம் அகப்படவில்லை. கடைசி ரயிலில் இறங்கி விட்டல்வாடியிலிருந்து நடந்துவந்த ஒரு பேக்கரிப் பையன் அகப்பட்டான். அவனை அடித்ததில் பெரும்பங்கு, அவனிடம் தினமும் பாவ் வாங்குகிறவர்களுடையது.

ஆனால் கழி, பூட்டு, பூட்ஸ் எல்லாம் சில்லறைத் திருடனுக்கு. பெரிய ஆட்களிடமிருந்து தப்பிக்க வேறு வழி வைத்திருந்தோம். அதைப் பக்கத்து வீட்டுச் சிந்திப் பாட்டி கற்றுக்கொடுத்தாள். வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அப்பளம் காயவைத்துக்கொண்டிருப்பாள். எந்த வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெருமுனையில் கத்திக்குத்து நடந்து போலீஸ் வந்து கேட்டால் மட்டும் பட்டப்பகலிலும் ஒரே பதில்: “மைன் தோ ஸோ ரஹீ தீ.” தூங்கிவிட்டாளாம். எங்கள் வீட்டிலும் அதுதான் பாடம். கேட்டால், ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் அவ்வளவு அக்கறையாகப் படித்த பிள்ளைகள் அப்போது இருந்தார்கள்.

பாட்டி சொன்னது வெறும் பயமில்லை. 1990 பிப்ரவரியில் எங்கள் ஊரில் கன்ஷ்யாம் பட்டிஜா என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குச் சாட்சியான அவருடைய சகோதரர் இந்தர், போலீஸ் பாதுகாப்பு இருந்தும் ஏப்ரலில் கொல்லப்பட்டார். இந்தர் கொலை வழக்கில் ஊரின் பெரிய ஆளான பப்பு கலானிக்குக் கல்யாண் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2013-ல். இடைப்பட்ட 23 வருடத்தில் அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தார், தடா வழக்கில் உள்ளே இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். தண்டனைக்கு மறுவருஷம் அவர் மனைவி ஜோதி கலானி ஜெயித்து சட்டசபைக்குப் போனார். ஊரே தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. வாக்குச்சாவடியில் வரிசை இருந்தது.

இப்போது நாங்கள் பாரக்கில் இல்லை, பிளாட்டில் இருக்கிறோம். வாசலில் வாட்ச்மேன், ஏழு லிவர் பூட்டு, கிரில் கதவு, அதற்குப் பின்னால் மரக்கதவு, படிக்கட்டுக்கு ஒன்றாகக் கேமரா. மகன் புனேயிலிருந்து போனில் எங்கள் வாசலைப் பார்க்கிறான். உள்ளே இருக்கிற எங்களைப் பார்க்க வருவது தீபாவளிக்கு. சொசைட்டிக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒருநாள் விடிகாலையில் அதில் ஒரு படம் வந்தது: மங்கலாக ஒரு ஆள், தலையில் மஃப்ளர், கையில் கனமான தூக்கு. ‘சந்தேகத்துக்குரிய நபர், யாருக்காவது தெரியுமா?’ தெரியாது என்று வரிசையாகப் பதில் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் போலீசுக்குச் சொல்லலாம் என்றார். என் வீட்டுக்காரிதான் கடைசியில், அது நான் என்றும் தூக்கில் இருப்பது இட்லி மாவு என்றும் எழுதிக் காப்பாற்றினாள். சிந்திப் பாட்டியாக இருந்தால் உளுந்து எவ்வளவு போட்டோம் என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

கேமரா எதையும் விடாது என்பது உண்மைதான். 2024 பிப்ரவரி 2-ம் தேதி ராத்திரி இதே உல்லாஸ்நகரில், ஹில் லைன் போலீஸ் ஸ்டேஷனில், சீனியர் இன்ஸ்பெக்டரின் அறைக்குள்ளேயே துப்பாக்கி வெடித்தது. நிலத்தகராறு. சிவசேனைக்காரர் மகேஷ் கெய்க்வாட் குண்டடி பட்டார். கல்யாண் கிழக்கு பி.ஜே.பி. எம்.எல்.ஏ. கண்பத் கெய்க்வாட் கைதானார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை ஊரே போனில் பார்த்தது. “ஆபத்துன்னா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுன்னு இனிமே பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது?” என்று என் தங்கை கேட்டாள். அந்த நவம்பரில் தேர்தல். எம்.எல்.ஏ.வின் மனைவி நின்றார். குண்டடி பட்டவரும் சுயேச்சையாக நின்றார். ஜெயித்தது மனைவி. இந்த முறை யாரும் ஹோம்வொர்க் எழுதவில்லை, எல்லோரும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வாக்களித்தார்கள்.

இவ்வளவு பூட்டுக்கும் பின்னால் நாங்கள் காப்பாற்றுகிற வீடு எப்படிப்பட்டது என்பதை 2021 மே மாதம் காட்டியது. இரண்டு வார இடைவெளியில் ஊரில் இரண்டு கட்டடங்களில் மேல்தளம் இடிந்து, கீழ்த்தளங்களையும் உடைத்துக்கொண்டு இறங்கியது. இரண்டாவதில் மட்டும் ஏழு பேர் செத்தார்கள். யாரும் கதவை உடைக்கவில்லை, பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், ஊரை ஆண்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, ஆற்றுமணலுக்குப் பதில் ‘உல்வா’ என்கிற மட்டரகத்தைப் போட்டு மடமடவென்று எழுப்பிய கட்டடங்கள் இங்கே ஏராளம். திருட்டு, சிமெண்டோடு சேர்த்தே பூசப்பட்டிருக்கிறது. அனுமதியில்லாத 855 கட்டடங்களை மும்பை உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னபோது, நாங்களும்தான் தெருவில் இறங்கிக் கத்தினோம், வீடு போய்விடுமே. 2006-ல் மாநில அரசு உல்லாஸ்நகருக்கென்றே தனிச்சட்டம் போட்டு அவற்றை முறைப்படுத்த வழிசெய்தது. மிட்டாய் கொடுத்தோம். சட்டம் காகிதத்தைச் சரிசெய்தது, மணலை அல்ல.

எங்கள் கட்டடமும் அந்த வயதுதான். படுக்கையறை மூலையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. போன மாதம் சொசைட்டிக் கூட்டத்தில் இரண்டு விஷயம் வந்தது: கட்டட உறுதிச் சோதனைக்கு இன்ஜினியரை வைப்பது, பார்க்கிங்குக்கு இன்னும் நாலு கேமரா போடுவது. கையிருப்பு ஒன்றுக்குத்தான் காணும். இன்ஜினியர் வந்து ஏதாவது எழுதிக்கொடுத்துத் தொலைத்தால், பிறகு காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும் என்றார் செக்ரட்டரி. அதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. “நாலுல ஒண்ண எங்க பெட்ரூம் சீலிங்கப் பாத்து வைக்கச் சொல்லுங்க” என்றாள் என் வீட்டுக்காரி. சிரித்தார்கள். கேமரா நிறைவேறியது. ராத்திரியிலும் கலரில் தெரிகிற மாடலாம், இரண்டு வருஷ கியாரண்டி.